யாரு வரல? அறிவும் சமத்துவமும் குறித்துச் சில குறிப்புகள்

1

எங்கள் வகுப்பில் காலையில் முதல் வேலை வருகைப் பதிவு. டீச்சர் பெயர் கூப்பிட, மற்றவர்கள் 'உள்ளேன்' சொல்கிற பதிவு இல்லை. தரையில் வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒவ்வொருத்தர் போட்டோவும் ஒட்டின அட்டை இருக்கும். ஒருத்தர் ஓர் அட்டையை எடுத்து, யாருடையது என்று பார்த்து, எழுந்து போய் அந்த ஆள் கையில் கொடுக்க வேண்டும். வாங்கினவர் அதைச் சுவரில் தொங்கும் துணிப்பையில் செருக வேண்டும். கடைசியில் பெட்டியில் மிஞ்சுகிற அட்டைதான் முக்கியம். "யாரு வரல?" என்று கேட்போம். வராத ஆளின் அட்டையைத் தூக்கிக் காட்டி, பெயர் சொல்லி, ஏன் வரல என்று பேசுவோம். காய்ச்சலா? அம்மாவுக்கு வேலையா? நேத்து போட்ட சண்டையா? பேச்சு வராதவர்கள் வாசலைக் கை காட்டுவார்கள். இதற்கு மட்டும் இருபது நிமிஷம் ஆகும். மொத்தம் பதினான்கு பேர். சின்னவனுக்குப் பத்தொன்பது வயசு, பெரியவருக்கு முப்பத்தாறு.

மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் வகுப்பு நடக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள வாலிபப் பிள்ளைகளும் பெண்களும் வருகிறார்கள். நான் இங்கே ஆயாவாகச் சேர்ந்தவள். கழுவி விடுவது, சோறு ஊட்டுவது, பஸ் ஏற்றி விடுவது என் வேலை. அப்புறம் சிறப்புக் கல்வியில் டிப்ளமோ படித்தேன். இப்போது டீச்சர். பெற்றோர்களில் சிலர் இன்னமும் "ஆயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் இருக்கிற ஒருத்தர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர்களுக்கு நான் அன்றைக்கும் அக்கா, இன்றைக்கும் அக்கா.

இதில் அவர்கள் பெயரை எழுதவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். அச்சில் வந்தால் என்ன ஆகும் என்று புரிந்துகொண்டு சொல்லும் சம்மதமா அது என்பதில் எனக்குத் தெளிவில்லை. அதனால் வகுப்பில் அவரவர் செய்கிற வேலையை வைத்தே சொல்கிறேன்.

இந்தப் பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, இயக்கத்தில் என்னோடு இருபது வருஷமாக இருக்கும் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். "அது வேற பிரச்சினைம்மா. நம்ம பத்திரிகையில அதுக்கு இன்னா வேலை? ஏற்கெனவே நம்மள மூளை இல்லாதவனுங்கன்றான். நீ வேற எடுத்துக் குடுக்காத."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் எல்லோருக்குள்ளும் இருக்கிற ஒரு பயத்தைத்தான் சொன்னார். இது அவருக்கு நான் எழுதும் பதில்.

2

நான் படித்தது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். நாலாவதில் ஒரு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். வாத்தியார் சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "உங்க ஆளுங்க மண்டையில களிமண்ணுதான்டி. உங்கம்மா பின்னாடி பாத்திரம் தேய்க்கப் போ" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்பா கைவண்டி இழுத்தவர். ராத்திரி அவரிடம் சொன்னேன். சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தைக் காட்டினார். "இவரு எவ்ளோ படிச்சிக்கிறாரு தெரியுமா? எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பாரிஸ்டரு. அந்த வாத்தி படிச்சிக்கிறானா? நீ படி. படிச்சி அவன் மூஞ்சில அடி." படித்தேன். அரைப்பரீட்சையில் கணக்கில் முதல் மார்க். நம்மில் பல பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கும்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் என் தம்பி உட்கார்ந்திருப்பான்.

அவன் பிறந்தபோது உடனே அழவில்லை. பிரசவம் பார்த்த பாட்டி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டின பிறகுதான் சத்தம் வந்ததாம். நாலு வயசில் நடந்தான். பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான். 'படிச்சி மூஞ்சில அடி' என்று அப்பா சொன்னபோது அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். என் கையில் மார்க் ஷீட் இருந்தது. அவன் எதை எடுத்து அடிப்பான்?

தெருவில் அவனை 'லூசு' என்றார்கள். சொன்னவர்கள் மேல்சாதிக்காரர்கள் இல்லை, நம்ம சனந்தான். ஊர்க்காரன் நம் தலையில் ஏற்றி வைத்த சுமையை நாம் இறக்கி அவன் தலையில் வைத்தோம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவன் வெளியே ஓடினால் ரோட்டில் லாரி. அதனால் கட்டில் காலில் அவனைக் கட்டி வைப்போம். அம்மாவின் பழைய புடவைதான் கயிறு. பல நாள் முடிச்சுப் போட்டது நான். போட்டுவிட்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, நம்ம ஆட்களுக்கும் மூளை இருக்கிறது என்று நிரூபிக்கப் போவேன்.

இருபத்திரண்டாவது வயசில் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தான். அவன் எந்த வகுப்பிலும் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. 'யாரு வரல' என்று அவனைத் தேட உலகத்தில் ஓர் இடம் இருக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். பேப்பரில் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாடே அந்தக் காப்பகத்துக்காரர்களைத் திட்டியது. என்னால் திட்ட முடியவில்லை. அவர்களுடையது இரும்பு, எங்களுடையது புடவை.

3

அறிவை அளக்க முடியும் என்ற எண்ணத்துக்கு வயசு அதிகம் இல்லை. பாரிஸில் 1905இல் பினே என்பவரும் சீமோன் என்பவரும் ஒரு சோதனையைத் தயாரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளைகள் யார் என்று கண்டுபிடித்து அவர்களுக்கு உதவி செய்வதுதான் நோக்கம். பிறவி அறிவை அளக்கும் தராசு என்று பினே அதைச் சொல்லவில்லை. அதைத் தராசாக ஆக்கினவர் அமெரிக்காவில் கோடார்ட் என்பவர். நியூஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் வேலை செய்தவர். மந்தபுத்திக்காரர்களில் ஒரு வகைக்கு 1910இல் 'மோரான்' என்று புதுப் பெயர் வைத்தவரும் அவர்தான். 1913இல் கப்பலில் வந்து இறங்கிய யூத, இத்தாலிய, ரஷ்ய ஏழைகளில் ஒரு சிலரைச் சோதித்து, அவர்களில் ஐந்துக்கு நாலு பேர் மந்தபுத்தி என்று எழுதினார். 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், கேரி பக் என்ற ஏழைப் பெண் மந்தபுத்திக்காரி, அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பே சொன்னது.

யாருக்கு அறிவு இல்லை என்று சொல்லப்பட்டது என்று கவனியுங்கள். முதலில் மாட்டினவர்கள் ஏழைகள், வந்தேறிகள், கறுப்பர்கள், பெண்கள். கலிஃபோர்னியாவில் 1971இல் கறுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர். மந்தபுத்திப் பிள்ளைகள் வகுப்புகளில் கறுப்புப் பிள்ளைகள் ஏன் கூட்டமாகக் கிடக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தச் சோதனை வெள்ளைக்கார வீட்டுப் பழக்கவழக்கத்தை அறிவு என்று நினைத்து அளக்கிறது என்று வாதாடி, 1979இல் ஜெயித்தார்கள். அறிவுச் சோதனையைக் காட்டிக் கறுப்புப் பிள்ளைகளை அந்த வகுப்புக்குத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

நியாயமான வெற்றி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'எங்கள் பிள்ளை அந்த வகுப்பைச் சேர்ந்தவன் இல்லை' என்று நிரூபித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நிஜமாகவே அந்தக் குறை உள்ள பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கிறானே, அவனை என்ன செய்வது? அவனை அந்த முட்டுச் சந்தில் உட்கார வைத்தது மட்டும் நியாயமா?

நம் ஊருக்கு வருவோம். பினேயின் சோதனையை நம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தக்கபடி காமத் என்பவர் மாற்றி அமைத்தார். இன்றைக்கும் பினே-காமத் சோதனை என்றுதான் பெயர். எங்கள் வகுப்பில் உள்ளவர்களின் அரசுச் சான்றிதழில் 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று போட்டிருக்கும். அதை முடிவு செய்ய உதவும் அளவுகோல் ஒன்றின் பெயர் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். கோடார்ட் வேலை செய்த அதே வைன்லேண்ட்தான். அவருக்குப் பின்னால் அங்கே வந்தவர் செய்தது. நான் அந்தச் சான்றிதழ்களைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது இல்லாமல் உதவித்தொகை இல்லை, பஸ் பாஸ் இல்லை. நம் சாதிச் சான்றிதழ் மாதிரித்தான் அதுவும். நம்மைத் தாழ்த்தின பெயரை நாமே வரிசையில் நின்று, முத்திரை குத்தி வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

4

பெயர் மாற்றத்திலும் இந்த ஒற்றுமை இருக்கிறது. 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்பது போய் ஆதிதிராவிடர் என்று வந்தது. அப்புறம் காந்தி 'ஹரிஜன்' என்றார், கடவுளின் மக்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சம உரிமை கேட்டவனுக்குக் கடவுளின் பிள்ளை என்ற பட்டம் எதற்கு?

என் வகுப்புக்கு வருகிறவர்களை முதலில் பைத்தியம் என்றார்கள். அப்புறம் மனவளர்ச்சி குன்றியவர் என்றார்கள். இப்போது அறிவுசார் குறைபாடு உடையவர், மாற்றுத்திறனாளி என்கிறார்கள். வார்த்தை மாறுவது நல்லதுதான். ஆனால் பிறந்தநாளுக்குக் கேக்கும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "தெய்வக் குழந்தைங்க." முப்பத்தாறு வயசு ஆளைப் பார்த்துக் குழந்தை என்கிறார்கள். அவருக்கு மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. 'ஹரிஜன்' என்று கேட்டபோது நம் தாத்தாக்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது இதைக் கேட்கிறபோதுதான் எனக்குப் புரிந்தது. கடவுளின் பிள்ளை என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் உட்கார வைக்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

அவர்கள் ஒன்றும் தெய்வம் இல்லை. அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையைத் திருடுகிறார்கள். கடிக்கிறார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைத் தடை வந்த பிறகு, தி.நகர் பக்கத்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுக்கிறோம். வேகமாக ஒட்டுகிற ஒருத்தன், ஒட்டத் தெரியாதவனைப் பார்த்து "லூசு" என்கிறான். அந்த வார்த்தை இங்கேயும் கீழே கீழே இறங்கிப் போகிறது. படிக்கட்டு என்று ஒன்று இருந்தால், தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறதா என்றுதான் எவனும் தேடுவான். சாதியைப் பற்றி அம்பேத்கர் சொன்னது இதைத்தானே? மேலே ஏற ஏற மதிப்பு, கீழே இறங்க இறங்க அவமானம் என்ற படிநிலை.

இங்கேதான் நம்முடைய பழைய பதிலை நான் சந்தேகப்படுகிறேன். ஆல்காட் 1894இல் அடையாறில் பறையர் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். இன்றைக்கு பெசன்ட் நகரில் இருக்கும் ஆல்காட் பள்ளியின் ஆரம்பம் அதுதான். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று ஊரே சொன்ன காலம். பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்திக் காட்டினார்கள். அந்தப் பதில் அன்றைக்குத் தேவைப்பட்டது, இன்றைக்கும் தேவைப்படுகிறது. களிமண் என்றவனுக்கு முதல் மார்க் வாங்கிக் காட்டியதற்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பதில் ஒரு விஷயத்தை எதிராளியிடம் விட்டுக் கொடுத்துவிடுகிறது. 'மூளை உள்ளவன்தான் மதிப்புள்ளவன், எனக்கும் மூளை இருக்கிறது, ஆகவே எனக்கும் மதிப்பு உண்டு' என்கிறோம். முதல் வாக்கியத்தை அவன் சொன்னான், நாம் மறுக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு அடியில்தான் என் தம்பி கட்டிக் கிடந்தான்.

5

அப்படியானால் சமத்துவத்துக்கு ஆதாரம் என்ன? அறிவு இல்லை என்றால் வேறு எது?

அப்பா காட்டின படத்துக்கே திரும்பிப் போகிறேன், பட்டங்களை எண்ணுவதற்காக இல்லை. 1936இல் வந்த 'சாதி ஒழிப்பு' நூலில் இந்தக் கேள்வியை அவரே எடுத்துப் பேசுகிறார். மனிதர்கள் சமமாக இல்லையே என்று எதிராளி கேட்கிறான். பிறப்பில் வருகிற உடல்வாகு, வளர்கிற சூழ்நிலை, சொந்த முயற்சி இவற்றால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். அடுத்த கேள்வியை அவர் திருப்பிப் போடுகிறார். வித்தியாசமாக இருக்கிறார்கள் என்பதற்காக வித்தியாசமாக நடத்த வேண்டுமா? அப்படி நடத்தினால் ஏற்கெனவே பிறப்பும் பணமும் உள்ளவன்தான் எப்போதும் ஜெயிப்பான். ஆகவே சமத்துவம் நிஜத்தில் இல்லாவிட்டாலும் அதுவே சமூகத்தை நடத்தும் விதியாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதாவது சமத்துவம் என்பது மனிதர்களை அளந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற உண்மை இல்லை. நாம் எடுக்கிற முடிவு. இப்படிப் பார்த்தால் அந்த வாதத்தில் என் தம்பிக்கும் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கொலம்பியாவில் அவருக்குப் பாடம் சொன்ன ஜான் டூயி, ஜனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை இல்லை, சேர்ந்து வாழ்கிற முறை என்றார். பள்ளிக்கூடத்தையே அப்படி ஒரு சின்னச் சமூகமாகப் பார்த்தவர் டூயி. அம்பேத்கர் அதை எடுத்துக்கொண்டார். அரசியல் சட்டத்தின் முகப்புரையில் சகோதரத்துவம் என்ற சொல்லைச் சேர்த்தது அவர் தலைமையில் இருந்த வரைவுக்குழு. சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் போலீஸ் வைத்துக் காப்பாற்றலாம். சகோதரத்துவத்தை அப்படிக் காப்பாற்ற முடியாது. அது கையிலும் காலிலும் பழகிப் பழகி வர வேண்டியது. பதினைந்து வருஷமாக நான் வகுப்பில் செய்து பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

6

எங்கள் வகுப்பில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை உண்டு. மணி அடிப்பது, பாய் விரிப்பது, விளக்கு அணைப்பது. முப்பத்தாறு வயசுக்காரருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஜக்கில் எடுத்து, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, ஒவ்வொருத்தராகக் கொடுப்பார். சிந்தாது. அதில் அவருக்குப் பெருமை. நம்ம ஆள்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் சேர்ந்தான். வசதியான, ஆசாரமான வீடு. அவன் அம்மா தனிப் பாட்டிலும் தனித் தம்ளரும் கொடுத்து அனுப்பினார். "அவனுக்கு வெளித்தண்ணி ஒத்துக்காது" என்றார். ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், நான் வாதாடவில்லை. இரண்டாவது வாரம் அவன் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டான். தண்ணீர்க்காரர் தம்ளரை நீட்டினார். பையன் கையை இழுத்துக்கொண்டான். தரையைக் காட்டி "கீழ வை" என்றான்.

அவனுக்கு ரூபாய் நோட்டு அடையாளம் தெரியாது. கிழமை தெரியாது. சட்டைப் பித்தான் போடத் தெரியாது. சாதி தெரிந்திருக்கிறது. யாரும் அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் காப்பி எப்படித் தரப்படுகிறது என்று இருபது வருஷம் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

அதைவிட என்னை உலுக்கினது அடுத்து நடந்தது. தண்ணீர்க்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குனிந்து, தம்ளரைக் கீழே வைத்து, இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றார். இவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்கு 75 சதவீதம், இன்னொருத்தருக்கும் 75 சதவீதம் என்று சான்றிதழ். அந்த ஒரு பாடத்தில் இரண்டு பேரும் நூற்றுக்கு நூறு.

பள்ளிக்கூடத்தில் அம்பேத்கருக்குத் தண்ணீர் ஊற்ற பியூன் வர வேண்டும், பியூன் வராவிட்டால் தண்ணீர் இல்லை. நான் பலமுறை மேடையில் பேசின கதை. என் வகுப்பிலேயே அது நடந்தபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தபோது ஒன்று தெளிவானது. சாதி என்பது ஒரு தவறான கருத்து, சரியான அறிவைக் கொடுத்தால் போய்விடும் என்றுதான் நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். படித்தவன் எவனும் சாதியை விடவில்லை என்று பார்த்த பிறகும் அப்படித்தான் நம்புகிறோம். இந்த இரண்டு பேரும் எனக்குக் காட்டினது வேறு. சாதியைக் கற்றுக்கொள்ள அறிவு தேவைப்படவில்லை. அது கையை இழுத்துக்கொள்வதிலும் குனிவதிலும் இருக்கிறது. அப்படியானால் சகோதரத்துவத்துக்கும் அறிவு தேவைப்படாது. கையை நீட்டப் பழகினால் போதும். கெட்டதைப் பழக முடிந்த உடம்பு நல்லதைப் பழகாதா?

மறுநாள் நான் பிரசங்கம் செய்யவில்லை. ஜக்கை மாற்றினேன். ஒரு ஆளால் தூக்க முடியாத பெரிய ஜக்காக வாங்கினேன். தண்ணீர் வேலைக்கு இனிமேல் இரண்டு பேர் என்று வட்டத்தில் சொன்னேன். பையன் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், இவர் அடியில் தாங்க வேண்டும். முதல் மாதம் தரையெல்லாம் தண்ணீர். பையன் அழுதான், அடித்தான், ஜக்கைப் போட்டுவிட்டு ஓடினான். யாருக்கும் தண்ணீர் கிடைக்காததால் மற்றவர்கள் அவனைத் திட்டித் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூணு நாலு மாதத்தில் இரண்டு பேருக்கும் ஒரு தாளம் வந்துவிட்டது. ஒரு நாள் தண்ணீர்க்காரருக்குக் காய்ச்சல். பெட்டியில் மிஞ்சின அட்டையைப் பையன்தான் எடுத்தான். எல்லோருக்கும் காட்டிவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

சாதி ஒழிந்துவிட்டது என்று நான் கதை விடவில்லை. வீட்டில் அவன் இன்னும் "கீழ வை" சொல்லிக்கொண்டுதான் இருப்பான், அவன் வீட்டில் பழக்கம் மாறவில்லையே. எங்கள் வகுப்பு ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். சுற்றிலும் இருப்பது மயிலாப்பூர். ஆனாலும் அவன் கை இரண்டு விதமாகவும் பழகியிருக்கிறது. படித்தவர்களில் பல பேருக்கு ஒரு விதம்தான் தெரியும்.

7

பெட்டியைக் கவனித்துக்கொள்கிற பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். "யாரு வரல?" என்று முதலில் சத்தமாகக் கேட்கிறவன் அவன்தான். அவன் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. அவன் அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலை செய்பவர். போகிற வழியில் விட்டுவிட்டு, திரும்புகிறபோது கூட்டிக்கொண்டு போவார். ஆற்றோரத்து வீடுகளை இடித்தார்கள். பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. 2000 முதல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று நம் சனத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது நடந்துகொண்டிருக்கிறது. வேலை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு என்று நாம் போராட்டங்களில் பேசுகிறோம். இந்தப் பையனுக்குப் போனதை எந்தத் துண்டறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். அம்மா விடியற்காலையிலேயே பஸ் ஏறுகிறார். அவனைத் தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். சோழிங்கநல்லூரில் இறங்கி ராத்திரி வரைக்கும் சுற்றியிருக்கிறான். அதோடு நின்றுவிட்டான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வியை ஆறு வயசு முதல் பதினெட்டு வயசு வரைக்கும் உரிமை என்கிறது. கோட்டூர்புரத்தில் 1985இல் ஆரம்பித்த வித்யாசாகரும், பிறந்த குழந்தை முதல் ஆறு வயசு வரைக்கும் பயிற்சி தர தி.நகரில் 1989இல் வந்த மதுரம் நாராயணன் மையமும் இந்த ஊரில் பெரிய காரியம் செய்திருக்கின்றன. ஆனால் பதினெட்டு தாண்டினவன் எங்கே போய் உட்காருவான்? 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அவனுக்குக் காப்பாளர் போடலாம். அரசு உதவித்தொகை வரும். 'ஏன் வரல' என்று கேட்கிற ஆளைச் சட்டம் போட்டுக் கொடுக்க முடியாது.

மூணு மாதம் தினமும் அவன் அட்டை பெட்டியில் மிஞ்சியது. தினமும் "யாரு வரல" என்று கேட்டு அவன் பெயரைச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அக்கா, அந்த அட்டைய எடுத்துடலாமே. இனிமே வரப்போறதில்ல. இவங்கள தெனமும் ஏமாத்துற மாதிரி இருக்கு." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வராதவனை வருவான் என்று நம்ப வைப்பது அன்பா, கொடுமையா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நான் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று தோன்றியது. அட்டையை வட்டத்தின் நடுவில் வைத்து, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மணி அடிக்கிறவள் அட்டையை எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் போட்டாள். தண்ணீர்க்காரர், "பஸ்ஸு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவன் வர முடியாவிட்டால் நாம் போகலாமே என்கிறார்.

ஒரு சனிக்கிழமை ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். ஒரே மாதிரி அடுக்குமாடி வரிசைகள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடிக்கு ஏறி முடிக்க அரைமணி நேரம் ஆனது. வீடு வெளியே பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் பழைய புடவை ஞாபகம் வந்தது. அவன் அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்?

எங்களைப் பார்த்ததும் அவன் சிரிக்கவில்லை. கம்பி வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், விரலை மடக்கி மடக்கி. எண்ணத் தெரியாதவன். முடித்துவிட்டு, "யாரு வரல?" என்று கேட்டான். வராத நாலு பேரின் பெயரையும் அவனே சொன்னான்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை போகிறோம். அது போதாது என்று எனக்குத் தெரியும். பெரும்பாக்கத்திலேயே இப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குடியிருப்புகளில் கதவுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அதற்கு ஆள் வேண்டும். தோழர், உங்களையும் கூப்பிடுகிறேன்.

நமக்கு மூளை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாம் மனிதர்களாக இருப்பது அதனால் இல்லை. சேரி என்றாலே சேர்ந்து இருப்பது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படியென்றால், கூட்டம் கூடுகிறபோது ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கேட்போம், யாரு வரல என்று. என் தம்பிக்காக யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.